தாழும் இறக்கை ஏன் மேலும் தாழ்கிறது?

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி போன மாதம் எனக்கு ஒரு வீடியோவை அனுப்பி, கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். வீடியோ 'நெவாடா முக்கோணம்' பற்றியது. அமெரிக்காவின் மேற்கே லாஸ் வேகஸ், ஃப்ரெஸ்னோ, ரீனோ ஆகிய மூன்று ஊர்களையும் கோடு போட்டு இணைத்தால் வரும் மலையும் பாலைவனமுமான பகுதி அது. அதற்குள் போகும் விமானங்கள் மர்மமாக விழுகின்றன, பக்கத்திலேயே 'ஏரியா 51' ராணுவத் தளம் இருக்கிறது, ஆகவே இதில் ஏதோ இருக்கிறது என்று போகும் வகை வீடியோ. நடுவில் ஒரு கிளைடர் (இன்ஜின் இழுக்காமல் காற்றிலேயே மிதந்து போகும் விமானம்) விபத்தும் இரண்டு வரியில் வந்து போகிறது: நல்ல வெயில் நாளில், எதிலும் மோதாமல், வானத்திலேயே இரண்டு இறக்கைகளும் ஒடிந்து விழுந்தது என்று. மாணவியின் கேள்வி இதுதான்: "சார், கிளைடர் மெதுவாகத்தானே பறக்கும்? எதிலும் மோதாமல் அதன் இறக்கை எப்படி ஒடியும்?"

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அந்த விபத்தின் விசாரணை அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வீடியோ எடுத்தவர் அதைப் படித்திருந்தால் முக்கோணத்துக்குத் தேவையே இருந்திருக்காது. அதில் இருக்கும் இயற்பியல் எந்த மர்மத்தையும் விடச் சுவையானது, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது 1999 ஜூலை 13. இடம் நெவாடா மாநிலத்தில் மிண்டன் என்ற சிற்றூருக்குத் தெற்கே, கார்சன் பள்ளத்தாக்கு. மேற்கே சியாரா நெவாடா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது, கிழக்கே பாலைவனம். உலகம் முழுவதிலுமிருந்து கிளைடர்காரர்கள் தேடி வரும் ஊர் மிண்டன். விழுந்தது ஒரு 'நிம்பஸ் 4டிஎம்', ஜெர்மனியின் ஷெம்ப்-ஹிர்த் நிறுவனம் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். தானே கிளம்புவதற்கு முதுகில் மடித்து வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன இன்ஜினும் உண்டு, மேலே போனதும் அணைத்து உள்ளே மடக்கிவிடுவார்கள். அன்று அதில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள்.

இதன் இறக்கையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 26.5 மீட்டர். நம் ஊர் டவுன் பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தினாலும் அதைவிட நீளம். ஆனால் அகலம் மிகக் குறைவு, நுனிக்குப் போகப் போக கை அகலத்துக்குக் குறுகிக்கொண்டே வரும். இப்படி நீண்டு மெலிந்த இறக்கை ஏன் நல்லது என்பது பள்ளிப் பாடத்தின் நீட்சிதான்: ஒரே எடையைத் தாங்க அதிகக் காற்றை மெல்லக் கீழே தள்ளினால் வீணாகும் ஆற்றல் குறைவு. இந்த வகை கிளைடர் 1 மீட்டர் கீழே இறங்குவதற்குள் ஏறத்தாழ 60 மீட்டர் முன்னால் போய்விடும். அப்படியென்றால் காற்று அதைப் பின்னால் இழுக்கும் விசை அதன் எடையில் 60இல் ஒரு பங்குதான். 800 கிலோ கிளைடருக்கு வெறும் 13 கிலோ. வீட்டு சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ் 14.2 கிலோ, அதற்கும் குறைவு! இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கிளைடர் எப்படி மேலே போகிறது என்பதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். வெயிலில் தரை சூடாகி, சூடான காற்று ஒரு தூண் போல மேலே கிளம்பும், அதற்கு தெர்மல் என்று பெயர். பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டே உயரப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். தூணின் அகலம் சிறிது என்பதால் அதற்குள்ளேயே இருக்க வேண்டுமானால் இறுக்கமாக வட்டமடிக்க வேண்டும், மெதுவாகவும் பறக்க வேண்டும். மெதுவாக, இறுக்கமாக: இந்த இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது.

பார்த்தவர்கள் விசாரணையில் சொன்னது இது. கிளைடர் தெர்மலில் சுற்றுவது போல இறுக்கமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. பிறகு மூக்கு கீழே சாய்ந்து சுழலத் தொடங்கியது. இரண்டு சுற்று சுற்றியதும் சுழற்சி நின்றது. மூக்கு இன்னும் தாழ்ந்து ஏறக்குறைய செங்குத்தாகக் கீழ் நோக்கியது. அப்புறம் அந்தப் பாய்ச்சலிலிருந்து மேலே திரும்பத் தொடங்கியது. திரும்பும்போது இறக்கைகள் மேல்நோக்கி வளைந்தன, வளைந்துகொண்டே போயின. 45 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்ததாகப் பலர் சொன்னார்கள். பிறகு ஒடிந்தன.

இங்கே இரண்டு புதிர் இருக்கிறது. ஒழுங்காக வட்டமடித்துக்கொண்டிருந்தது ஏன் சுழன்றது? சுழற்சி நின்ற பிறகு ஏன் ஒடிந்தது? முதல் புதிரில்தான் எனக்குக் கொள்ளைப் பிரியம், அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

வட்டமாக ஓடும் எதிலும் உள்பக்கம் மெதுவாகவும் வெளிப்பக்கம் வேகமாகவும் போகும். சாமி ஊர்வலத்தில் தேர் முனை திரும்பும்போது பாருங்கள், உள் பக்கத்து வடம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கும், வெளிப் பக்கத்து வடக்காரர்கள் ஓடுவார்கள். கிளைடர் 40 டிகிரி சாய்ந்து, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினோராம் வகுப்பு வட்ட இயக்கச் சூத்திரத்தில் போட்டால் வட்டத்தின் ஆரம் 94 மீட்டர் வரும். இறக்கையின் பாதி நீளம் 13 மீட்டருக்குச் சற்று மேல். சாய்ந்திருப்பதால் கிடைமட்டத்தில் அது 10 மீட்டர் அளவே. ஆக, உள் நுனி 84 மீட்டர் ஆரத்திலும் வெளி நுனி 104 மீட்டர் ஆரத்திலும் போகின்றன. விமானியின் மீட்டர் 100 காட்டிக்கொண்டிருக்க, உள் நுனியின் வேகம் 89, வெளி நுனியின் வேகம் 111.

தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. ஒரே கோணத்தில் வைத்தால் உள் நுனிக்குக் கிடைப்பது 80 சதவீதம், வெளி நுனிக்கு 123 சதவீதம். ஒரே இறக்கையின் ஒரு கோடி மற்றதை விட ஒன்றரை மடங்கு தூக்குகிறது! 10 மீட்டர் இறக்கை உள்ள சாதாரணக் குட்டி விமானத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நீண்ட இறக்கை எந்த நீளத்தால் அவ்வளவு அழகாக மிதக்கிறதோ, அதே நீளம்தான் வட்டமடிக்கையில் இந்தச் சிக்கலைக் கொண்டுவருகிறது.

வெளி இறக்கை அதிகம் தூக்கினால் என்ன ஆகும்? கிளைடர் உள்பக்கமாக மேலும் மேலும் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க விமானி என்ன செய்வார்? வலது பக்கம் வட்டமடித்துக்கொண்டே, கையால் பிடித்து ஓட்டும் கோலான ஸ்டிக்கைக் கொஞ்சம் இடது பக்கம் பிடித்துக்கொண்டிருப்பார். அப்படிப் பிடித்தால் வலது இறக்கையின் ஓரத்தில் இருக்கும் ஏலெரான் என்ற மடிப்புப் பலகை கீழே இறங்கும், அந்த நுனி காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும், வேகத்தில் இழந்த தூக்குவிசையைக் கோணத்தில் ஈடுகட்டும். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் கடன் வாங்கி நேராக்கிய கணக்கு.

ஏனென்றால் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. ஏறத்தாழ 15 டிகிரி வரை கோணம் கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். அதைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி வழுக்கிக்கொண்டு வந்த காற்று பிரிந்து, கிழிந்து, சுருள் சுருளாகப் போய்விடும்; தூக்குவிசை குறையத் தொடங்கும், பின்னிழுக்கும் விசை எக்கச்சக்கமாக ஏறும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். பலர் நினைப்பது போல இது இன்ஜின் நின்றுபோவது இல்லை, காற்று இறக்கையைக் கைவிடுவது. நேராகப் பறக்கும்போது இந்த எல்லை 78 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 40 டிகிரி சாய்வில் அது 89க்கு ஏறிவிடும், வட்டத்தில் இறக்கை எடையை விட 1.3 மடங்கு தாங்க வேண்டியிருப்பதால். 89 என்ற எண்ணை இப்போதுதான் எங்கேயோ பார்த்தோம்: உள் நுனியின் வேகம். நிஜ கிளைடரில் நுனியைச் சற்று முறுக்கி, வேறு வடிவத்தில் செய்து, இன்னும் கொஞ்சம் இடைவெளி வைத்திருப்பார்கள். விமானிகளும் இதைத் தெரிந்து வேகத்தைக் கூட்டியே வைப்பார்கள். இருந்தாலும் அந்த இடைவெளி எவ்வளவு மெல்லியது என்பது புரிந்திருக்கும்.

இனிமேல்தான் என் மனதுக்குப் பிடித்த இடம்.

ஸ்டாலுக்கு முன்னால், ஒழுங்காகப் பறந்துகொண்டிருக்கும் இறக்கை ஒன்று ஏதோ ஒரு காற்றுச் சலனத்தால் தாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முன்னால் விநாடிக்கு 25 மீட்டர் போகிறது, கீழே விநாடிக்கு 2 மீட்டர் இறங்குகிறது. இறக்கையின் மேல் உட்கார்ந்து பார்க்கும் ஒரு எறும்புக்கு, காற்று இப்போது முன்னாலிருந்து மட்டும் வரவில்லை, கொஞ்சம் கீழேயிருந்தும் வருகிறது. அதாவது காற்றைச் சந்திக்கும் கோணம் தானாகவே நாலரை டிகிரி கூடிவிட்டது. 5 டிகிரியில் இருந்தது இப்போது ஒன்பதரை. கோணம் கூடினால் தூக்குவிசை கூடும். ஆக, தாழ்கிற இறக்கை தாழ்வதாலேயே கூடுதல் தாங்கலைப் பெறுகிறது. மறுபக்கம் மேலேறும் இறக்கைக்குக் கோணம் குறைந்து தூக்குவிசை குறைகிறது. யாரும் எதுவும் செய்யாமல், காற்றே கையில் ஏந்தி நிமிர்த்துகிறது. விமானத்தில் போகும்போது ஆட்டத்தில் சாய்ந்துவிடாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம், ஆனால் நாம் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது அதே இறக்கை எல்லைக்கு அப்பால், 16 டிகிரியில் இருக்கிறது. அதே சலனம், அதே 2 மீட்டர் இறக்கம், அதே நாலரை டிகிரி. கோணம் இருபதைத் தாண்டுகிறது. இந்தத் தடவை கோணம் கூடினால் தூக்குவிசை குறைகிறது. குறைந்தால் இன்னும் வேகமாகத் தாழ்கிறது, வேகமாகத் தாழ்ந்தால் கோணம் இன்னும் கூடுகிறது, கூடினால் தூக்குவிசை இன்னும் குறைகிறது. மறுபக்கம் மேலேறும் இறக்கைக்குக் கோணம் குறைவதால் அது எல்லைக்கு இப்பால் வந்துவிடுகிறது, நன்றாகவே தூக்குகிறது. ஒரு பக்கம் விழுகிறது, ஒரு பக்கம் தூக்குகிறது. விழும் பக்கத்தில் பின்னிழுக்கும் விசையும் அதிகம் என்பதால் மூக்கும் அந்தப் பக்கமே திரும்புகிறது. சாய்வும் திருப்பமும் ஒன்றையொன்று ஊட்டிக்கொண்டு, வெளியிலிருந்து எந்தத் தள்ளலும் இல்லாமல், விமானம் தானாகவே சுழன்றுகொண்டு இறங்குகிறது. இதுதான் ஸ்பின்.

கவனித்தீர்களா? புதிதாக எந்த விசையும் உள்ளே வரவில்லை. நம்மைக் காப்பாற்றிய அதே ஏற்பாடுதான், ஒரு குறி மட்டும் கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாறிவிட்டது. ஒரு வளைகோட்டின் உச்சியைத் தாண்டியதால் நிமிர்த்துகிற கை தள்ளுகிற கையாகிவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை, வீட்டில் எல்லோருக்கும் நோட்டில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வலது இறக்கை சட்டென்று விழுந்தால் மனிதக் கை என்ன செய்யும்? ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளும். இத்தனை நாளும் இறக்கையை நிமிர்த்தியது அந்த அசைவுதானே. ஆனால் அது வலது ஏலெரானை மேலும் கீழே இறக்குகிறது, ஏற்கெனவே எல்லை தாண்டிய நுனியின் கோணத்தை மேலும் கூட்டுகிறது. சரியாகத் தோன்றும் ஒரே செயல் நிலைமையை மோசமாக்கும் செயலாக இருக்கிறது. இதற்காகத்தான் கிளைடர் பயிற்சியில் ஸ்பின்னை வேண்டுமென்றே செய்து காட்டிப் பழக்குகிறார்கள், கைக்கு வேறு பழக்கம் வர வேண்டும் என்பதற்காக.

வெளிநாட்டில் படித்த காலத்தில் ஒரு மலையடிவாரத் தளத்தில் அதை ஒருமுறை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். முன் இருக்கையில் நான், பின்னால் எழுபதைத் தொட்ட பயிற்சியாளர். கண்ணாடி மூடியின் நடுவில் ஒரு சாண் கம்பளி நூலை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். எத்தனை கோடி ரூபாய் கிளைடராக இருந்தாலும் அந்த நூல் இருக்கும். காற்று நேராக வந்தால் நூல் நேராகப் படுத்திருக்கும், விமானம் கோணலாகப் போனால் நூல் ஒரு பக்கம் ஒதுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். அவர் ஸ்டிக்கை மெல்லப் பின்னால் இழுக்க இழுக்க, அதுவரை காதில் இரைந்துகொண்டிருந்த காற்றின் ஓசை அடங்கியது. நான் முதலில் பயந்தது அந்த அமைதிக்குத்தான். இருக்கைக்கு அடியில் லேசான நடுக்கம். அவர் இடது காலால் பெடலை முழுக்க மிதித்தார். நூல் சரேலென்று பக்கவாட்டில் போனது, இடது இறக்கை காலுக்கு அடியில் தரை இல்லாமல் போனது போல விழுந்தது, எதிரே வானம் இருந்த இடத்தில் வயல்கள் வந்து கிரைண்டர் கல் போலச் சுற்றத் தொடங்கின.

வேகம் காட்டும் முள்ளைப் பார் என்றார் பின்னாலிருந்து. முள் ஏறவே இல்லை, குறைந்த வேகத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பின்னில் இறக்கை ஸ்டாலிலேயே இருப்பதால் விமானம் வேகம் பிடிப்பதில்லை, இறக்கைக்குப் பெரிய பாரமும் இல்லை. பிறகு அவர் சுழற்சிக்கு எதிர்ப் பக்கப் பெடலை மிதித்தார், ஸ்டிக்கை நடுவில் கொண்டுவந்து மெல்ல முன்னால் விட்டார். சுழற்சி நின்றது. முள் அப்போதுதான் ஓட ஆரம்பித்தது: 90, 120, 150. மூக்கு நேராகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, என் உடம்பு முழுக்க 'இழு இழு' என்று கத்தியது. அவர் ஸ்டிக்கை மெதுவாக, அவசரமே இல்லாமல் பின்னால் கொண்டுவந்தார். அந்த மெதுவுக்குக் காரணம் எனக்கு வெகு நாள் கழித்து, மிண்டன் அறிக்கையைப் படித்தபோதுதான் முழுமையாகப் புரிந்தது.

ஸ்பின்னிலிருந்து வெளியே வரும் வழியை மனிதர்கள் கண்டுபிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஸ்பின் என்றால் சாவு என்றே நினைத்தார்கள். 1912 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளி மேல் வில்ஃப்ரட் பார்க் என்ற கடற்படை அதிகாரி ஓட்டிய ஆவ்ரோ விமானம் சுழன்று விழுந்தது. தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தும் பலிக்காமல், கடைசியில் ரட்டரை, அதாவது பெடலை மிதித்தால் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் பலகையை, சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார், தரைக்கு மிக அருகில் விமானம் நேரானது. இறங்கியதும் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு விபத்தில் இறந்துவிட்டார். பின்னர் 1917இல் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஃபிரெட்ரிக் லிண்டமன் என்ற இயற்பியலாளர், இதை மேசையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது என்று விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, தானே வேண்டுமென்று ஸ்பின்னுக்குள் போய், சுழலும்போதே கருவிகளின் அளவுகளைக் கவனித்துக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் லாங்லி ஆய்வுக்கூடத்தில் 1941இல் இதற்கென்றே செங்குத்தான காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். கீழேயிருந்து மேலே வீசும் காற்றில் மாதிரி விமானத்தைக் கையால் சுழற்றி எறிந்து, அது எப்படிச் சுழல்கிறது, எப்படி நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குக் காசு கேட்டால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி 'இதனால் என்ன பயன்' என்பது. ஐ.ஐ.டி. கான்பூரில் மாணவர்களை விமானத்தில் ஏற்றி, வானத்திலேயே அளந்து படிக்கவைக்கும் ஆய்வகம் இருக்கிறது, அது பெருமைக்குரியது. ஆனால் விமானப் பொறியியல் பட்டம் தரும் மற்ற கல்லூரிகளில் படிக்கும் எத்தனை பேர் ஸ்டாலை ஒரு முறையாவது உடம்பால் உணர்ந்திருப்பார்கள்? ஒரு பயிற்சி கிளைடரும் அதைப் பராமரிக்க இரண்டு ஆட்களும் போதும். கல்லூரி வாசலில் கட்டும் வளைவுக்கு ஆகும் செலவை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இரண்டாவது புதிர். சுழற்சி நின்ற பிறகு ஏன் ஒடிந்தது?

முதலில் மலைக்காற்றைச் சந்தேகிப்போம். நியாயமான சந்தேகம்தான். மிண்டனுக்குத் தெற்கே இதே சியாரா மலைத்தொடரைக் காற்று தாண்டி இறங்கும் பக்கம், பிஷப் என்ற ஊருக்கு அருகில், 1955 ஏப்ரலில் லாரி எட்கர் என்ற ஆராய்ச்சி விமானியின் கிளைடரை மலைக்குப் பின்னால் சுருளும் காற்று நடுவானில் துண்டு துண்டாக்கியது. அவர் பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார். 2002இல் பலூனில் தனியாக உலகைச் சுற்றி வந்த ஸ்டீவ் ஃபாசெட் 2007 செப்டம்பரில் காணாமல் போனதும் இந்த மலையில்தான். முக்கோண வீடியோக்களின் நாயகனே அவர்தான். ஆனால் அவருடைய சிறு விமானம் மறு ஆண்டே மாமத் லேக்ஸ் பக்கம் கிடைத்தது, விமானத்தால் ஏறிச் சமாளிக்க முடியாத அளவு கீழிறங்கும் காற்று என்று விசாரணை சொல்லிவிட்டது. மலைக்காற்று விமானத்தை வீழ்த்தும், அதில் மர்மம் எதுவும் இல்லை. ஆனால் மிண்டனில் கோடை நாள், தெர்மல் பறத்தல். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அங்கே காற்றைக் குற்றம் சொல்லவில்லை. இறக்கையில் முன்கூட்டியே விரிசலோ செய்நேர்த்திக் குறையோ இருந்ததற்கும் தடயம் இல்லை. தாங்கும் சக்திக்கு மேல் பாரம் ஏறி ஒடிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாரம் எங்கிருந்து வந்தது?

இங்கே ஸ்டாலின் இன்னொரு முகத்தைப் பார்க்க வேண்டும். 78 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கை அதிகபட்சம் தூக்கக்கூடியது விமானத்தின் எடையை மட்டுமே, அதற்கு மேல் கேட்டால் ஸ்டாலாகிவிடும். வேகம் இருமடங்கானால் 4 மடங்கு எடையைத் தூக்கலாம். இந்த கிளைடருக்கு விதித்திருந்த ஒரு வேகம் 180. அந்த வேகத்தில் ஸ்டிக்கை முரட்டுத்தனமாக முழுக்க இழுத்தால் என்ன ஆகும்? 180ஐ 78ஆல் வகுத்து இருமடியாக்குங்கள், 5.3 வரும். இறக்கை 5.3 மடங்கு எடை வரை தூக்கிவிட்டு ஸ்டாலாகிவிடும், அதற்கு மேல் பாரம் ஏறவே ஏறாது. கிளைடர்களுக்கான ஐரோப்பிய விதியில் இறக்கை கட்டாயம் தாங்க வேண்டிய அளவும் அதே 5.3தான். இது தற்செயல் இல்லை, அந்த வேகத்தைத் தேர்ந்தெடுப்பதே இப்படித்தான். வீட்டில் ஒயர் எரிவதற்கு முன்னால் ஃப்யூஸ் போவது போல, இறக்கை ஒடிவதற்கு முன்னால் ஸ்டால் வந்து காப்பாற்றும். ஸ்பின்னில் தள்ளிவிட்ட ஸ்டால்தான் குறைந்த வேகத்தில் இறக்கைக்குக் காவலும்.

180ஐத் தாண்டினால் அந்த ஃப்யூஸ் வேலை செய்யாது. இந்த கிளைடரில் எந்தக் காரணம் கொண்டும் தாண்டக் கூடாத வேகம் 285. அந்த வேகத்தில் அதே வகுத்தலைச் செய்தால் 13க்கு மேல் வருகிறது. இறக்கையால் 13 மடங்கு எடையைத் தூக்க முடியும், தாங்க முடியாது. உச்ச வேகத்தில் விதி கேட்கும் வலிமை 4 மடங்குதான், பாதுகாப்புக்காக அதற்கு மேல் ஒன்றரை மடங்கு இடம் வைப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் 6. ஆக, ஸ்டிக்கை மிகக் கொஞ்சம், மிகப் பொறுமையாக மட்டுமே இழுக்கலாம். மெதுவாக இழுத்தால் போதாதா, உயரம் இருக்கிறதே என்று கேட்கலாம். போதும்தான். 285 வேகத்தில் 3 மடங்கு பாரத்தோடு திரும்பினால் 300 சொச்சம் மீட்டர் ஆரத்தில் நேராகிவிடலாம்.

ஆனால் அந்த 13 கிலோவை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இப்போது வருகிறது. மூக்கு செங்குத்தாகக் கீழே பார்க்கும்போது முன்னால் இழுப்பது 800 கிலோ எடை. தடுக்கக் காற்றின் இழுவிசை மட்டும்தான் உண்டு, அதைத்தான் இத்தனை வருட ஆராய்ச்சியில் இந்த கிளைடரிலிருந்து துடைத்து எடுத்திருக்கிறார்கள். வேகம் கூடக் கூட இழுவிசையும் கூடும், இருந்தாலும் எடைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மேலிருந்து போட்ட கல்லைப் போல ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகம் ஏறுகிறது. நூறிலிருந்து 180 போக இரண்டரை விநாடிகூட இல்லை. 285ஐத் தொட ஐந்து, ஆறு விநாடி. மெதுவாக இழுத்தால் மூக்கு கீழேயே இருக்கும் ஒவ்வொரு கணமும் வேகம் ஏறுகிறது, வேகம் எல்லை தாண்டினால் இறக்கை படபடவென்று நடுங்கிச் சிதையும் ஆபத்து. வேகமாக இழுத்தால் பாரம் ஒடிக்கும். நடுவில் ஒரு ஒடுங்கிய வழி இருக்கிறது, அது விநாடிக்கு விநாடி இன்னும் ஒடுங்கிக்கொண்டு வருகிறது.

வாரியம் தன் முடிவில் எழுதியது இதுதான்: விரும்பாமல் நேர்ந்த ஸ்பின்னிலிருந்தோ, ஸ்பைரல் டைவ் என்கிற சுருள் பாய்ச்சலிலிருந்தோ மீளும்போது வேகம் அனுமதித்த அளவைத் தாண்டியது, அப்போது எலிவேட்டரை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதில் இறக்கைகள் தாங்கும் எல்லையைக் கடந்து ஒடிந்தன. எலிவேட்டர் என்பது ஸ்டிக்கை இழுத்தால் மூக்கைத் தூக்கும் வால் பலகை. அதாவது இழுத்தது அதிகமாகிவிட்டது.

இந்த வாக்கியத்தில் 'இதுவோ அதுவோ' என்று வாரியம் இரண்டையும் விட்டிருப்பதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், மூக்கு கீழே, உடல் சுற்றிக்கொண்டு. ஆனால் ஸ்பின்னில் இறக்கை ஸ்டாலில் இருக்கிறது, வேகம் ஏறாது. முதலில் எதிர்ப்பக்க ரட்டரும் ஸ்டிக்கை முன்னால் விடுவதும். சுருள் பாய்ச்சலில் ஸ்டால் கிடையாது, வேகம் ஏறிக்கொண்டே இருக்கும். ஸ்டிக்கை முன்னால் விட்டால் இன்னும் வேகம்தான், முதலில் இறக்கைகளைச் சமமாக்கி அப்புறம் மெல்ல மூக்கைத் தூக்க வேண்டும். நீண்ட இறக்கை கிளைடர்கள் ஒன்றில் தொடங்கி மற்றதுக்குள் தாமாகவே நழுவிவிடும். உள்ளே இருப்பவர் எது என்று முடிவு செய்ய முள்ளைத்தான் பார்க்க வேண்டும், வயல்கள் சுழன்றுகொண்டிருக்கும்போது.

மாணவிக்கு நான் இவ்வளவும் எழுதி அனுப்பினேன். 'அப்படியானால் ஓட்டியவர் தவறுதானா சார்' என்று பதில் வந்தது. அறிக்கையில் இருப்பதை அறிக்கை சொல்கிறது. நான் பார்ப்பது வேறொன்றையும். பார்த்தவர்கள் சொன்னபடி இரண்டு சுற்றுக்குப் பிறகு சுழற்சி நின்றிருக்கிறது, கிளைடர் ஒரு திசையில் நிலைத்திருக்கிறது. மீள்வதன் முதல் பாதியை அவர்கள் முடித்துவிட்டார்கள். 26.5 மீட்டர் இறக்கையின் சுழற்சியை நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, இரண்டாம் பாதியை அவர்கள் தொடங்கியபோது வேகமுள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கும்.